பிஎல்சி டெல்டா பிஎச் உணரி சவ்வை விட்டு நீங்கும்போது நாம் காண்பது பிப்2 குறைவதையா, ஐபி3 கூடுவதையா?

சவ்வோரம் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். செல் உயிரியலில் முனைவர் பட்ட ஆய்வின் மூன்றாம் ஆண்டில் இருக்கிறேன். ஹீலா செல்களில், பிஎல்சி டெல்டா-1 நொதியின் பிஎச் பகுதியை ஜிஎஃப்பி என்னும் பச்சை ஒளிர்புரதத்துடன் இணைத்த உணரியை வெளிப்படுத்தி, ஹிஸ்டமின் கொடுத்த பிறகு அது பிளாஸ்மா சவ்வை விட்டு நீங்கிச் சைட்டோசாலுக்குள் பரவுவதைப் படம்பிடித்து வருகிறேன். (இத்துறைக்குப் புதியவர்களுக்காக: பிப்2 என்பது பிளாஸ்மா சவ்விலுள்ள ஒரு லிப்பிட்; ஹிஸ்டமினால் தூண்டப்படும் பிஎல்சி நொதி அதை வெட்டும்போது பிரியும் துண்டே ஐபி3, அது செல்லுக்குள் கால்சியத்தை ஏற்றும். இந்த பிஎச், அமிலத்தன்மையைக் குறிக்கும் பிஎச் அன்று, பிளெக்ஸ்ட்ரின் என்னும் புரதத்தை ஒட்டிப் பெயர் பெற்ற ஒரு புரத மடிப்பின் சுருக்கம்.) ஹிஸ்டமின் சேர்த்த அரை நிமிடத்திற்குள் செல்லின் விளிம்பில் இருந்த ஒளிக்கோடு மங்கிச் செல்லின் உட்பகுதி முழுவதும் ஒளிர்கிறது, சில நிமிடங்களில் கோடு மெல்லத் திரும்புகிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

ஆய்வேட்டின் வரைவில், சவ்வின் ஒளிர்வு 60 விழுக்காடு குறைந்ததை வைத்து, "ஹிஸ்டமின் பிளாஸ்மா சவ்வின் பிப்2 அளவை 60 விழுக்காடு குறைக்கிறது" என்று எழுதியிருந்தேன். நெறியாளர் அந்த வரியை அடித்துவிட்டு, ஓரத்தில் "எதை அளந்தாய்? பிப்2-ஐயா, ஐபி3-ஐயா?" என்று மட்டும் எழுதித் திருப்பித் தந்துவிட்டார். இரண்டையும் எவ்வாறு பிரித்தறிவது? அத்துடன் எனக்கே விளங்காத இன்னொன்றும் உண்டு: மிகப் பிரகாசமாக ஒளிரும் செல்கள் ஹிஸ்டமினுக்கு ஏறக்குறைய அசைவதே இல்லை, கண்ணுக்கு அரிதாகத் தெரியும் மங்கலான செல்களிலோ மாற்றம் பெரிதாக இருக்கிறது. கன்ஃபோகல் நுண்ணோக்கி எங்களுக்கு வாரத்தில் ஒரு பிற்பகல்தான் கிடைக்கும்; மற்ற நாட்களில் சாதாரண ஒளிர்வு நுண்ணோக்கியே கதி.

---

இனோசிடால் எழுதுகிறார்:

உங்கள் நெறியாளர் கேட்ட கேள்வி இந்த உணரியின் வயதை ஒத்தது. 1998ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஒரு குழுவும், தேசிய சுகாதார நிறுவனத்தில் வார்னாய், பாலா ஆகியோரும் தனித்தனியாக இதே பிஎச் பகுதியை ஜிஎஃப்பியுடன் இணைத்து உயிருள்ள செல்லுக்குள் செலுத்தினார்கள். அதற்கு முன்பு இந்த லிப்பிடுகளைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி கதிரியக்கப் பாஸ்பரஸ் ஊட்டிய திசுக்களை அரைத்துப் பிரித்தெடுத்ததிலிருந்து வந்தது. 1953இல் ஹோக்கின் இணையர் கணையத் துண்டுகளில் அசிட்டைல்கோலின் சேர்த்தபோது பாஸ்போலிப்பிடுகளுக்குள் பாஸ்பரஸ் விரைந்து ஏறுவதைக் கண்டது அப்படித்தான். அரைத்த திசு, எந்தச் சவ்வில் எந்த நொடியில் மாற்றம் நிகழ்ந்தது என்பதைச் சொல்லாது. உயிருள்ள ஒரே செல்லில், நொடிக்கு நொடி, இடம் காட்டிச் சொல்லும் கருவி கிடைத்தபோது துறை முழுவதும் அதைப் பற்றிக்கொண்டதில் வியப்பில்லை.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், பிஎச் பகுதி பிப்2-வை அதன் தலையைக் கொண்டுதான் அடையாளம் காண்கிறது. சவ்வுக்குள் புதைந்திருக்கும் கொழுப்பமில வால்களை அது தொடுவதில்லை. பிஎல்சி நொதி பிப்2-வை வெட்டும்போது வால்கள் டையசைல்கிளிசராலாகச் சவ்வில் தங்கிவிட, வெட்டுண்ட தலையே ஐபி3 ஆகிச் சைட்டோசாலுக்குள் வருகிறது. ஆகவே உணரி எந்தத் தலையைப் பிடிக்கிறதோ, அதே தலை இப்போது சவ்வுக்கு வெளியே கரைந்த வடிவில் மிதக்கிறது. அதைவிட ஒரு படி மேலாக, 1995இல் வெளியான சோதனைக்குழாய் அளவீடுகளின்படி இந்தப் பிஎச் பகுதி ஐபி3-ஐப் பிடிக்கும் பிரிகை மாறிலி ஏறத்தாழ 0.2 மைக்ரோமோலார், பிப்2-வைப் பிடிப்பதோ ஏறத்தாழ 1.7 மைக்ரோமோலார் (இந்த எண் சிறிதாக இருந்தால் பிடி இறுக்கமானது என்று பொருள்). அதாவது, பிரிந்த தலையிடம்தான் அதற்குப் பற்று கூடுதல். 1999இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹிரோசே குழுவினர் இந்த இயல்பையே பயன்படுத்தி, இதே உணரியை ஐபி3 உணரி என்ற பெயரில் வெளியிட்டார்கள். உணரியின் மரபணுவைச் சுமக்கும் டிஎன்ஏ வளையமான பிளாஸ்மிட் ஒன்றே, ஓர் ஆய்வகத்தில் பிப்2 உணரி, இன்னோர் ஆய்வகத்தில் ஐபி3 உணரி.

பிரித்தறிய எனக்குத் தெரிந்த நேர்மையான வழி, இரண்டில் ஒன்று மட்டும் மாறும் நிலையைச் செயற்கையாக உண்டாக்குவது. ராப்பமைசின் என்னும் மருந்தைச் சேர்த்தவுடன் இரண்டு புரதத் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் இயல்பைப் பயன்படுத்தி, 5-பாஸ்பட்டேஸ் நொதியைச் சைட்டோசாலிலிருந்து பிளாஸ்மா சவ்வுக்கு இழுத்துவரும் முறை 2006இல் இரண்டு குழுக்களால் வெளியிடப்பட்டது. அந்த நொதி பிப்2-வின் ஒரு பாஸ்பேட்டை மட்டும் நீக்கிப் பிஐ4பி என்னும் வேறொரு லிப்பிடாக ஆக்குகிறது. தலை வெட்டுப்படுவதில்லை, ஆகையால் ஐபி3 உருவாவதில்லை, டையசைல்கிளிசராலும் உருவாவதில்லை. அப்போதும் உங்கள் உணரி சவ்வை விட்டு நீங்கினால், பிப்2 குறைந்தாலே அது நீங்கும் என்பது உங்கள் செல்லிலேயே உறுதிப்படும். நொதி இல்லாத வெற்றுத் துண்டையும் இணையாகச் செய்து பார்க்கத் தவறாதீர்கள். ராப்பமைசினுக்கே செல்லில் வேறு வேலைகள் உண்டு.

அடுத்து, டப்பி என்னும் புரதத்தின் பின்முனைப் பகுதியை உணரியாகப் பயன்படுத்துங்கள். அது சவ்வில் இருக்கும் பிப்2-வைப் பிடிக்கும். ஐபி3 கூடினாலும் எளிதில் ஏமாறாது. அதன் 332ஆம் இடத்து அமினோ அமிலமான ஆர்ஜினினை ஹிஸ்டிடினாக மாற்றிய வடிவம் பிப்2-வைத் தளர்வாகப் பிடிப்பதால் சிறு குறைவுகளையும் காட்டும். ஆனால் பிஎச் உணரியையும் டப்பி உணரியையும் தொடக்கத்திலேயே ஒரே செல்லில் போட வேண்டாம். இரண்டும் ஒரே லிப்பிடுக்குப் போட்டியிடும்.

ஐபி3-ஐத் தனியாகக் காண விரும்பினால், ஐபி3 ஏற்பியின் பிணைப்புப் பகுதியைச் சயான், மஞ்சள் ஒளிர்புரதங்களுக்கு இடையில் வைத்துக் கட்டிய ஐரிஸ்-1 என்னும் ஃப்ரெட் உணரி (ஓர் ஒளிர்புரதத்திலிருந்து அருகிலுள்ள இன்னொன்றுக்கு ஆற்றல் தாவுவதைக் கொண்டு அளப்பது) 2006இல் ஜப்பானிலிருந்து வெளிவந்தது. அவர்கள் பயன்படுத்தியதும் ஹீலா செல்களும் ஹிஸ்டமினும்தான். கால்சியம் அலை அலையாக ஏறி இறங்கும்போது ஐபி3 ஒவ்வோர் அலைக்கும் அடிமட்டத்திற்குத் திரும்பாமல் சிறிது சிறிதாகச் சேர்ந்துகொண்டே போவதை அவர்கள் கண்டார்கள். உங்கள் உணரியின் வளைகோட்டை அந்த வடிவத்துடன் ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும்.

---

குவியத்தளம் எழுதுகிறார்:

நுண்ணோக்கிக் கூடத்தில் பல ஆண்டுகளாகப் பிறருடைய செல்களைப் பார்த்து வருபவன் என்ற முறையில், மேலே சொல்லப்பட்டவற்றுடன் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

பிரகாசமான செல்கள் அசையாதிருப்பது ஒரு புதிர் அன்று. பிப்2 பிளாஸ்மா சவ்வின் உட்புறத்து லிப்பிடுகளில் மிகச் சிறிய பங்குதான். மொத்தப் பாஸ்போலிப்பிடுகளில் ஏறத்தாழ ஒரு விழுக்காடு என்பது வழக்கமான மதிப்பீடு. நீங்கள் மரபணுவை இயக்கும் வலிமையான வைரஸ் ஊக்கியைக் கொண்டு உணரியை அளவின்றி உற்பத்தி செய்தால், உணரியே கிடைக்கும் பிப்2-வைப் போர்த்திக்கொள்கிறது. பிஎல்சி வந்து வெட்டுவதற்கு லிப்பிட் அகப்படுவதில்லை. சிக்னல் கடத்தலே மழுங்கிவிடுகிறது. மறுபுறம், பிணைய இடம் கிடைக்காத மிச்ச உணரி முன்பே சைட்டோசாலில் நிறைந்திருப்பதால், சவ்விலிருந்து வருவது அந்தப் பெருவெள்ளத்தில் தெரிவதில்லை. ஆகவே மங்கலான செல்களையே எடுத்துக்கொள்ளுங்கள். "பார்க்க நன்றாக இருக்கும்" செல்லைத் தேர்ந்து படம்பிடிக்கும் பழக்கம் இந்தத் துறையில் எவ்வளவு தவறான முடிவுகளைத் தந்திருக்கும் என்று சில சமயம் நினைத்துப் பார்ப்பதுண்டு.

60 விழுக்காடு என்ற எண்ணைப் பற்றி: உணரியின் பிணைப்பு நேர்கோட்டில் செல்வதில்லை. எளிய கணக்கொன்றைப் பாருங்கள். தடையற்ற பிப்2-வின் செறிவு, பிரிகை மாறிலியைப் போல் 10 மடங்கு இருந்தால், உணரியில் 91 விழுக்காடு சவ்வில் இருக்கும். பிப்2 சரிபாதியாகக் குறைந்தாலும் 83 விழுக்காடு சவ்விலேயே இருக்கும். நீங்கள் எதையும் காணமாட்டீர்கள். பத்தில் ஒன்றாகக் குறையும்போதுதான் அது 50 விழுக்காட்டுக்கு இறங்கும். அதாவது லிப்பிட் 90 விழுக்காடு போய்விட்ட நிலையில், ஒளிர்வு பாதியளவுக்கும் சற்றுக் குறைவாகவே இறங்கியிருக்கும். இதன் மேல் ஐபி3-இன் போட்டியையும் சேர்த்தால் ஒளிர்வின் இறக்கம் எதிர்ப்பக்கமாக மிகைப்படும். இரண்டு பிழைகளும் எதிரெதிர்த் திசையில் இழுப்பதால் இறுதியில் கிடைக்கும் எண் சரியாக இருக்கக்கூடும்; ஆனால் அது தற்செயலாகவே சரியாக இருக்கும்.

இன்னொரு பொறி, சவ்வின் மடிப்பு. தூண்டப்பட்ட செல்லின் விளிம்பு சுருங்கும், மடியும், அலையலையாக எழும். மடிந்த இடத்தில் ஒரே படப்புள்ளிக்குள் இரண்டு மூன்று மடங்கு சவ்வு வந்துவிடுவதால், பிப்2 அங்கே குவிந்ததுபோல் தோன்றும். 2002இல் நெதர்லாந்தில் வான் ரீனன், யாலிங்க் ஆகிய இருவரும் இதைக் கவனமாக ஆராய்ந்து, தனித்திட்டுகளாகத் தெரிந்த பிப்2 செறிவுகள் உண்மையில் சவ்வு மடிப்புகளே என்று காட்டினார்கள். எனவே, லின் புரதத்தின் முன்முனைத் துண்டை ஒட்டிய சிவப்பு ஒளிர்புரதம் போன்ற, எந்தத் தூண்டலுக்கும் அசையாத சவ்வுக்குறி ஒன்றை உடன் வெளிப்படுத்தி, பச்சையைச் சிவப்பால் வகுத்த விகிதத்தையே அளவிடுங்கள். பிஎச் பகுதியின் 40ஆம் இடத்து ஆர்ஜினினை லியூசினாக மாற்றிய, லிப்பிடைப் பிடிக்காத வடிவத்தையும் ஒரு தட்டில் வையுங்கள். அது சவ்வில் ஒட்டினால் உங்கள் பகுப்பாய்வில் கோளாறு என்று பொருள்.

கன்ஃபோகல் கிடைக்காத நாட்களைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. இதே நெதர்லாந்துக் குழு 2001இல் வெளியிட்ட ஓர் உத்தி இருக்கிறது. பிஎச் பகுதியைச் சயான் புரதத்துடன் ஒன்றும், மஞ்சள் புரதத்துடன் ஒன்றுமாக இரண்டு உணரிகளை ஒரே செல்லில் சம அளவில் வெளிப்படுத்துங்கள். இரண்டும் சவ்வில் நெருங்கி உட்கார்ந்திருக்கும்போது சயானின் ஆற்றல் மஞ்சளுக்குத் தாவும். 10 நானோமீட்டருக்கு மேல் விலகினால் தாவாது. உணரிகள் சைட்டோசாலுக்குள் சிதறியவுடன் ஃப்ரெட் விழுகிறது. இதற்குச் சவ்வைத் தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. செல் முழுவதிலிருந்தும் வரும் ஒளியை இரண்டு வடிகட்டிகளின் வழியே சேகரித்து விகிதம் பார்த்தால் போதும். குவியம் சற்று விலகினாலும் இரண்டு ஒளிகளும் சேர்ந்தே மாறுவதால் விகிதம் பெரிதும் நிலையாக இருக்கும். ஒளியின் செறிவையும் குறைத்துக்கொள்ளலாம், அதனால் வெளுப்பும் குறையும். இடம் பற்றிய தகவல் இதில் கிடைக்காது என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

---

நிறைமானி எழுதுகிறார்:

இருவருடைய விளக்கமும் நன்று. எனினும் ஒரு மாற்றுக்கருத்தைப் பதிவு செய்ய வேண்டும். உணரியைக் கொண்டு எத்தனை கட்டுப்பாட்டுச் சோதனைகள் செய்தாலும், அது காண்பது *தடையற்ற* பிப்2-வை மட்டுமே. செல்லின் சொந்தப் புரதங்கள் ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கும் பிப்2 அதன் கண்ணில் படாது. "அளவு" என்ற சொல்லை ஆய்வேட்டில் எழுத விரும்பினால், அமிலம் கலந்த கரைப்பானில் லிப்பிடைப் பிரித்தெடுத்து நிறைநிரலில், அதாவது மூலக்கூறுகளை நிறைவாரியாகப் பிரித்து அளக்கும் முறையில், எண்ண வேண்டும். அமிலமில்லாமல் பிரித்தால் இந்த மின்சுமை மிகுந்த லிப்பிடுகள் நீர்ப்பகுதியிலேயே தங்கிவிடும் என்பதை அறியாமல் ஏமாந்தவர்கள் உண்டு. என்னையும் சேர்த்தே சொல்கிறேன். பாஸ்பேட்டுகளை மெத்தில் ஏற்றி அளக்கும் முறையில் உணர்திறன் பெரிதும் கூடுகிறது, ஆனால் அதற்குப் பயன்படும் வேதிப்பொருளின் ஆவியைச் சுவாசித்தால் உயிருக்கே ஆபத்து என்பதால் புகைக்கூண்டு இல்லாமல் அதைத் திறக்கவே கூடாது.

நிறைநிரல் தரும் இன்னொரு செய்தி, எந்த வால்கள் என்பது. பாலூட்டித் திசுக்களில் பிப்2-வின் பெரும்பகுதி ஒரு ஸ்டியரிக், ஒரு அராக்கிடோனிக் சங்கிலியைக் கொண்டது. வளர்ப்புச் செல்களில் இந்த ஆதிக்கம் குறைகிறது. தலையை மட்டும் பிடிக்கும் உணரிகளுக்கு இந்த வேறுபாடு தெரிய வழியே இல்லை. குறையையும் சொல்லிவிடுகிறேன்: எங்கள் முறை ஒரு தட்டின் எல்லாச் செல்களையும், ஒரு செல்லின் எல்லாச் சவ்வுகளையும் ஒன்றாகக் கரைத்துவிடுகிறது.

---

பழ ஈ எழுதுகிறார்:

ஹீலா செல்களை விட்டுச் சற்று விலகுகிறேன். ஆனால் கேள்விக்குத் தொடர்புடையதுதான். பழ ஈயின் ஒளியேற்பிச் செல்லில் ஒளி பட்டவுடன், ஒளியை உணரும் புரதமான ரோடாப்சின் வழியாகப் பிஎல்சி தூண்டப்பட்டு, பிப்2 மிக வேகமாக வெட்டப்படுகிறது. பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்திலும் கேம்பிரிட்ஜிலும் இதே பிஎச்-ஜிஎஃப்பி உணரியை ஈயின் கண்ணில் வெளிப்படுத்தி, ஈயை அசையாமல் பொருத்தி, உயிரோடு இருக்கும்போதே கண்ணின் நடுவில் தோன்றும் போலிப்பாவையின் ஒளிர்வை அளக்கிறார்கள். பல சிறுகண்களின் ஒளி ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து பெரிதாவதால் செல்லைப் பிரித்தெடுக்க வேண்டியதில்லை. இதில் ஒரு வேடிக்கை: ஜிஎஃப்பியை ஒளிரச் செய்யும் நீல ஒளியே பிஎல்சியையும் தூண்டிவிடுகிறது. அளக்கத் தொடங்கினாலே அளக்கப்படுவது குறையும். எனவே குறுகிய நீலத் துடிப்பில் அளந்துவிட்டு, இடையில் நீள அலை ஒளியால் ரோடாப்சினை மீட்டு, பிப்2 மீண்டும் உருவாகும் வேகத்தைக் கணிக்கிறார்கள்.

இந்த மீட்பு வேகம்தான் நான் சொல்ல வந்தது. எண்டோபிளாச வலைப்பின்னலிலிருந்து பிளாஸ்மா சவ்வுக்கு மூலப்பொருளான பாஸ்பட்டிடைல் இனோசிடாலைக் கொண்டுவரும் ஆர்டிஜிபி புரதம் குறைந்த ஈக்களில், பிப்2 மீள்வது தாமதமாகிறது. பாலூட்டிகளில் இதன் இணை நிர்2. நீங்கள் உணரி நீங்குவதை மட்டும் அளக்காமல் அது திரும்புவதையும் அளந்தால், இரண்டு கேள்விகளுக்கு ஒரே தட்டில் விடை கிடைக்கும்.

---

சவ்வோரம் மீண்டும் எழுதுகிறார்:

அனைவருக்கும் மிக்க நன்றி. சில வாரங்களில் முடிந்தவற்றைச் செய்து பார்த்தேன். மங்கலான செல்களை மட்டும் எடுத்து, சவ்வுக்குறியால் வகுத்த பிறகு, செல்லுக்குச் செல் இருந்த சிதறல் வெகுவாகக் குறைந்துவிட்டது; விளிம்பில் நான் "பிப்2 திட்டு" என்று பெயரிட்டு மகிழ்ந்திருந்த இரண்டு படங்கள் வெறும் மடிப்புகளாகிவிட்டன. ராப்பமைசின் சோதனையில், நொதி வைத்த செல்களில் பிஎச் உணரி தெளிவாக நீங்கியது. வெற்றுத் துண்டு வைத்தவற்றில் அசையவில்லை. கால்சியம் சாயத்திலும் ஏற்றம் எதுவும் தெரியவில்லை.

ஹிஸ்டமின் கொடுத்தபோது, 332ஆம் இடத்தில் மாற்றிய டப்பி உணரியும் நீங்கியது. ஆனால் பிஎச் உணரியைவிட அது தாமதமாகத் திரும்புகிறது. ஐபி3 விரைவாகச் சிதைந்துவிடுவதால் பிஎச் முன்னதாகத் திரும்புகிறது, பிப்2 பின்னரே மீள்வதால் டப்பி தாமதிக்கிறது என்று இதைப் பொருள் கொள்ளலாமா? அப்படியானால் பிஎச் உணரியின் நீக்கத்தில் ஒரு பங்கு ஐபி3-ஆல் ஏற்பட்டது என்று எழுதலாம் அல்லவா?

---

இனோசிடால் எழுதுகிறார்:

அவ்வாறு எழுதிவிடாதீர்கள். மாற்றிய டப்பி பிப்2-வைத் தளர்வாகப் பிடிப்பது என்பதை நினைவில் கொள்ளுங்கள். தளர்வாகப் பிடிக்கும் உணரி சவ்வுக்குத் திரும்ப வேண்டுமானால் பிப்2 கூடுதலான அளவுக்கு மீண்டிருக்க வேண்டும். இறுகப் பிடிக்கும் உணரி சிறிதளவு மீண்டாலே திரும்பிவிடும். ஐபி3 என்ற ஒன்றே இல்லாத செல்லிலும் நீங்கள் கண்ட அதே வரிசைதான் தோன்றும். மாற்றப்படாத டப்பி வடிவத்தையும் செய்து பாருங்கள். அது பிஎச் உணரியோடு சேர்ந்தே திரும்பினால் உங்கள் தாமதத்திற்குக் காரணம் பிணைப்பின் இறுக்கமே. அதுவும் தாமதித்தால் ஐபி3 பற்றிப் பேசலாம்; அப்போதும் ராப்பமைசின் செல்களில் நொதி ஊட்டிய பிறகு கிடைக்கும் நீக்கத்தின் உச்சத்தை அளவுகோலாக வைத்தே பேச வேண்டும். ஹிஸ்டமினால் பிஎச் உணரி அந்த உச்சத்தையும் தாண்டி நீங்கினால், மிகுதிக்கு ஐபி3-ஐக் காரணமாகக் கருத இடமுண்டு.

வரைவின் வரியை இப்போதைக்கு இவ்வாறு மாற்றிக்கொள்ளலாம்: "ஹிஸ்டமின் தூண்டலால் பிஎல்சி டெல்டா-1 பிஎச் உணரியும், ஐபி3-ஐப் பிடிக்காத டப்பி உணரியும் பிளாஸ்மா சவ்விலிருந்து நீங்கின, இது அச்சவ்வில் தடையற்ற பிப்2 குறைந்ததைக் காட்டுகிறது." 60 விழுக்காடு என்ற எண்ணைப் படத்தின் விளக்கக் குறிப்பில், உணரியின் ஒளிர்வு விகிதம் என்றே எழுதி வையுங்கள்.

---

சவ்வோரம் எழுதுகிறார்:

மாற்றப்படாத டப்பியின் பிளாஸ்மிடை ஒரு நண்பரின் ஆய்வகத்திலிருந்து கேட்டிருக்கிறேன். வந்தவுடன் இங்கேயே தெரிவிக்கிறேன். மாற்றிய வரியை நெறியாளரிடம் காட்டினேன். "தடையற்ற" என்ற சொல்லுக்கு அடியில் கோடிட்டு, "இதை யார் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டார்.